பினாங்குக் கோட்டு

கண்ணாடியிலிருந்து கழற்றித் தரவேண்டும் என்று ஹாஜரா டீச்சர் ஏன் சொன்னார். நேற்று போனில் அவர் மூன்று விஷயம் சொன்னார். முதலாவது, நகராட்சி வாசகசாலையில் வைக்கப்போகும் படக் கண்காட்சிக்கு நான் எழுதிக்கொடுத்த முப்பத்தாறு குறிப்புகளும் நன்றாக இருக்கின்றன. இரண்டாவது, "இத்தனை பேர் வீட்டுப் படத்துக்கும் எழுதிட்டு உங்க வீட்டுப் படம் ஒண்ணுகூட இல்லேன்னா எப்படி சார், நீங்களும் உங்க அப்பாவும் இருக்கிற படம் கூடத்துல மாட்டியிருக்குமே, அதைக் குடுங்க, குறிப்பையும் நீங்களே எழுதுங்க." மூன்றாவது, போனை வைக்கப்போகிற நேரத்தில், சும்மா நினைவு வந்ததுபோல, "கண்ணாடியிலேருந்து கழட்டியே வச்சிருங்க, நாளைக்கு நாலு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன்." சும்மா நினைவு வந்ததுபோலச் சொல்லப்படுவது எதுவும் சும்மா வருவதில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவனுக்கு வேறெது தெரியாவிட்டாலும் இது தெரியும். வந்தவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பான், அதைக் கேட்கத்தான் அவன் வந்திருப்பான். இப்போது மணி இரண்டே கால். படம் மேசைமேல் குப்புறக் கிடக்கிறது, சட்டம் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், எழுபது வருஷத்துத் தூசி என் விரல்களில். படத்தின் முதுகில் ஊதா நிறத்தில் ஒரு முத்திரை இருக்கிறது. அதை இருபது நிமிஷமாகப் பார்க்காதவன்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டீச்சருக்கு என்மேல் கோபம் இருக்க நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன் எங்கள் ஊர் மாத இதழ் ஒன்றில் பழைய புகைப்படங்களின் பொய்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் 'சேர்ப்பு' என்று ஒரு வேலை செய்வார்கள். படம் எடுத்த அன்று இல்லாதவரை, கப்பலேறிப் போனவரை, செத்தவரை, வேறொரு படத்திலிருந்து கத்தரித்து ஒட்டி, ஓரத்தைத் தூரிகையால் மழுப்பி, மொத்தத்தையும் மறுபடி ஒரு படம் எடுத்துக் கொடுப்பார்கள். டீச்சரின் பாட்டனார் தோணித்துறைத் திறப்புவிழாவில் வெள்ளைக்காரக் கலெக்டர் பக்கத்தில் நிற்கிற படம் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் மூன்று தலைமுறையாகத் தொங்கியது. கலெக்டரின் நிழல் இடப்பக்கம் விழுகிறது, பாட்டனாரின் நிழல் வலப்பக்கம் விழுகிறது என்று நான் எழுதினேன். டீச்சரின் உம்மா எனக்குச் சொல்லியனுப்பினார்கள், அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல், கலெக்டரே பிற்பாடு சேர்த்துக்கொள்ளச் சொன்னார் என்று. அடுத்த மாதம் அதையும் அச்சில் போட்டு, நாகப்பட்டினத்துக் காய்ச்சல் நிழலைக்கூடத் திருப்பிப் போடும் என்று ஒரு வரி சேர்த்தேன். ஊர் சிரித்தது. ஒரு வாரம் கழித்துத் தபால் ஆபீஸில் டீச்சரைப் பார்த்தேன். "உம்மா படத்தைக் கழட்டிட்டாங்க சார்" என்றார். நேற்றுப் பேசிய அதே குரல், மேலும் இல்லை, கீழும் இல்லை.

எனவே கழட்டி என்ற சொல் பதினோரு வருஷம் காத்திருந்து வந்திருக்கிறது என்று நான் சந்தேகப்படுவதில் தப்பில்லை. டீச்சருக்கு என்ன தெரியும், எங்கிருந்து தெரியும். கண்காட்சிக்காக ஊரில் பாதி வீடுகளின் பரண்களைக் கிளறியவர் அவர். மூடிப்போன அருளானந்தம் ஸ்டுடியோவின் பெட்டிகள்கூட அவர் கைக்கு வந்ததாகக் கேள்வி. இந்த முத்திரையும் அருளானந்தம் ஸ்டுடியோவின் முத்திரைதான். அதைப் பற்றி அப்புறம். முதலில் என் யோக்கியதையைச் சொல்லிக்கொள்கிறேன், எனக்கே சொல்லிக்கொள்கிறேன், அதில் கூச்சமில்லை. இந்த ஊரின் படங்களைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மனைவி தீட்டிய நீர்வண்ணப் படம் ஒன்று, கடற்கரை, கோட்டை, தென்னைகள், பின்னால் ஒரு மலை. நாகப்பட்டினத்தில் ஏறி நின்று பார்க்க ஒரு பாறைகூடக் கிடையாது. வானம் காலியாக இருப்பது அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை, தன் ஊரிலிருந்து ஒரு மலையை வரவழைத்துக்கொண்டாள். மலை என்று ஒரு சொல்லில் நிறுத்தாமல், 'பார்வையாளர்கள் இதைத் தேடிப் போகவேண்டாம்' என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஜெர்மனியில் அச்சடித்த பழைய அஞ்சலட்டை ஒன்று, கலங்கரை விளக்கம், மணல், கட்டுமரம். அதற்கு வண்ணம் பூசியவன் தன் ஆயுளில் கட்டுமரத்தைப் பார்த்ததில்லை, பக்கத்தில் நிற்கிற மீனவர்களுக்கு ரோஜா நிறத்தில் தோல் கொடுத்துவிட்டான். எனக்கு இவர்கள்மேல் கோபம் வந்ததே இல்லை. பொய் சொல்கிற படம் உண்மை சொல்கிற படத்தைவிட ஒரு படி அதிகமாக ஊரைப் பற்றிச் சொல்கிறது, யாருக்கு எது வேண்டியிருந்தது என்று சொல்கிறது, இதை மேடையில் சொல்லிக் கைதட்டுகூட வாங்கியிருக்கிறேன். சரி, இப்போது முத்திரை. அருளானந்தம் ஸ்டுடியோ, நாகப்பட்டினம். கீழே எண். அதற்கும் கீழே, கையால், மசியில்: 19-6-52. என் அப்பா பக்கிரிசாமி பினாங்கில் இறந்தது ஐம்பத்திரண்டாம் வருஷம் பிப்ரவரி. மாசி மாதம். எழுபது வருஷமாக நான் திதி கொடுக்கிற மாதம்.

நிதானம். முத்திரைத் தேதி படம் எடுத்த தேதி என்று யார் சொன்னது. மறுபிரதி போட்ட தேதியாக இருக்கலாம். அப்பா ஐம்பத்தொன்று தீபாவளிக்கு ஊருக்கு வந்தார், வந்தபோது என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார், அப்போது எடுத்த படம் இது, அப்படித்தான் அம்மா சொல்லியிருக்கிறாள். அவர் இறந்த பிறகு பழைய பிரதி மங்கிப்போய், அம்மா ஜூனில் புதுப்பிரதி வாங்கியிருக்கலாம். எட்டு மாதத்தில் ஒரு பிரதி மங்குமா. மங்காது. கறையான் அரித்திருக்கலாம். கறையான் அரித்தால் அம்மா எழுபது தடவை சொல்லியிருப்பாள், அவள் கறையானை மன்னிக்கிறவள் அல்ல. மற்றவர் வீட்டுப் படத்துக்கு இத்தனை வழி விட்டேனா நான். காய்ச்சலுக்குக்கூட இடம் கொடுக்காதவன் கறையானைக் கூப்பிடுகிறேன். வேதவல்லி மோர் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணமாகி ஐம்பது வருஷமாகிறது, என் கையில் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் ஒரு சலிப்பு வரும். "யாரு குடியக் கெடுக்க உக்காந்திருக்கீங்க" என்றாள். நம்ம குடிதான் என்றேன். "அந்த மட்டும் நல்லது, வெளியாளு சாபம் இல்ல" என்று டம்ளரைப் படத்துக்கு எட்டாத தூரத்தில் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது. அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை, குரல் நினைவில்லை, அவர் பினாங்குக்குப் போனபோது எனக்கு ஒரு வயது. என்னிடம் இருப்பது ஒரு கனம். ஸ்டுடியோவில் அந்தச் சமுக்காளம் உள்ளங்காலில் குத்தியது, திரைச்சீலையில் ஏதோ மருந்து நாற்றம், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர் ஆடாதே தம்பி என்கிறார், அப்போது என் இடது தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. சூடாக இருந்தது. கொஞ்சம் நடுங்கியது, பிறகு அழுத்தியது, அழுத்தியதும் நான் ஆடவில்லை. அவ்வளவுதான், என் அப்பா என்பது அவ்வளவுதான். வேலையில் சேர்ந்த முதல் நாள் மேலதிகாரி எதிரில் நின்றபோது அந்தக் கனம் தோளில் வந்தது. அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தபோது வந்தது. இந்த முத்திரை சரி என்றால் ஐம்பத்தொன்று தீபாவளி பொய், தீபாவளி பொய் என்றால் அந்தக் கை பொய், பிறகு எழுபது வருஷமாக என் தோளில் உட்கார்ந்திருந்தது என்ன.

இரண்டே முக்கால். அப்பா பினாங்கிலிருந்து அனுப்பிய அஞ்சலட்டையை எடுக்கவேண்டாம் என்று நினைத்தேன், எடுத்துவிட்டேன். அது எப்போதும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. பினாங்கில் அப்போது ஆட்கள் தங்கள் உருவத்தையே அஞ்சலட்டையில் அச்சடித்து வாங்கி ஊருக்கு அனுப்புவார்கள், பின்பக்கம் முகவரி, முன்பக்கம் தாங்களே. நாகப்பட்டினத்து வீடுகளில் இப்படிப்பட்டவர்கள் நிறைய, கண்காட்சியில் மட்டும் ஏழு பேர், ஏழு பேரும் கோட்டுப் போட்டவர்கள். வெயிலில் மூட்டை தூக்கியவனும் கணக்கு எழுதியவனும் ஒரே கோட்டைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறான், அது ஸ்டுடியோவின் கோட்டு என்று இருபத்திரண்டாம் குறிப்பில் நானே எழுதியிருக்கிறேன். அப்பாவும் அதில் நிற்கிறார். வலது கால் கொஞ்சம் முன்னால், தலை ஒரு பக்கம் சாய்வு, வலது கை பக்கத்திலிருக்கிற நாற்காலியின் முதுகில். செதுக்கு வேலை செய்த உயர்ந்த முதுகுள்ள நாற்காலி. பின்பக்கம், 'குழந்தை சிங்காரவேலுக்கு முத்தம், அடுத்த கப்பலில் வர உத்தேசம்.' எந்த அடுத்த கப்பல் என்று எழுதவில்லை. இனி செய்யவேண்டியது ஒன்றுதான். படத்தை நிமிர்த்திப் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வேறொருவர் வீட்டுப் படமாக இருந்தால் அரை நிமிஷ வேலை. வலது கால் கொஞ்சம் முன்னால். தலை ஒரு பக்கம் சாய்வு. கோட்டின் மூன்றாம் பொத்தான் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. நாற்காலி இருந்த இடத்தில் நான் நிற்கிறேன், ஒரு சின்ன முக்காலியின்மேல் ஏற்றி நிறுத்தி உயரத்தைச் சரிசெய்திருக்கிறார்கள். நாற்காலி முதுகில் இருந்த கை என் தோளில் இருக்கிறது. இதை எழுபது வருஷம் கூடத்தில் மாட்டிவைத்து, கீழே உட்கார்ந்து, ஊரார் படங்களில் ஒட்டு கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்று கூடத்தில், ஒன்று இழுப்பறையில். இரண்டையும் ஒருநாளும் ஒரே மேசையில் வைக்காமல் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டால், அந்த ஆள் பெயரும் சிங்காரவேலுதான். அம்மா என்ன சொன்னாள், ஏழாம் வகுப்பில் ஒருமுறை கேட்டேன், நீ ஏன் இந்தப் படத்தில் இல்லை என்று. புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்தாமல், "நானும் அங்கதாண்டா நின்னேன்" என்றாள். ஸ்டுடியோ வாசலில் நின்றதாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறாள், தீபாவளி என்று ஒரு முழுப் பொய், அதற்குப் புதுச்சட்டையும் பலகாரமும்கூட வைத்துச் சொன்னாள், நான் அதை நினைவு என்று நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள்மேல் எனக்கு வந்தது கோபம் என்றால் சரியாக இருக்காது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஊரிலேயே இல்லை என்று தெரியவரும்போது ஒரு பதிவு குமாஸ்தாவுக்கு வருகிற ஒன்று.

மோர் மேல் ஆடை மாதிரி ஏதோ கட்டியிருந்தது, பாதி குடித்தேன். மூன்றரை. டீச்சருக்குப் போன் செய்து படம் நனைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். மோர் கொட்டிவிட்டது என்று சொல்லலாம், பாதி உண்மையாக்குவதுகூடக் கஷ்டமில்லை, டம்ளர் கையில்தான் இருக்கிறது. இப்படித்தான் எல்லா மோசடியும் தொடங்குகிறது, கையில் ஏதோ இருக்கிறது என்பதால். ஆனால் ஒரு இடறல் இருக்கிறது, அதை விட்டு என்னால் நகர முடியவில்லை. அந்தக் கை சூடாக இருந்தது. தீபாவளியை அம்மா சொல்லி நான் வாங்கிக்கொண்டிருக்கலாம், சூட்டை யாரும் சொல்லவில்லை. சமுக்காளம் குத்தியதை யாரும் சொல்லவில்லை. நடுங்கியதை யாரும் சொல்லவில்லை. உருப்பெருக்கியை எடுத்து என் தோளைப் பார்த்தேன், ஐந்து வயதுத் தோளை. சட்டை அந்த இடத்தில் உள்ளே அமுங்கியிருக்கிறது. மடிப்புகள் கழுத்துவரை இழுபட்டுப் போகின்றன. ஒட்டிவைத்த காகிதக் கை ஒரு சட்டையை அமுக்காது. தூரிகைக்காரன் மடிப்பு வரையலாம், ஆனால் அருளானந்தத்தின் தூரிகை எனக்குத் தெரியும், அது அவ்வளவு மெனக்கெடாது. யாரோ அழுத்தியிருக்கிறார்கள். விரல்களை எண்ணினேன். அஞ்சலட்டையில் நாற்காலியின்மேல் நாலு விரல் தெரிகிறது, கட்டைவிரல் பின்னால் மறைந்திருக்கிறது. படத்தில் என் தோளின்மேல் ஐந்து விரல் தெரிகிறது. இங்கேயும் கட்டைவிரல் பின்னால்தான் மறைந்திருக்கிறது. மறுபடி எண்ணினேன். நாலு விரல் தடித்தவை, ஒட்டியவை, அஞ்சலட்டை விரல்கள். ஐந்தாவது அவற்றுக்குக் கீழே, கொஞ்சம் மங்கலாக, ஒல்லியாக, உள்பக்கம் வளைந்து. கிணற்று ராட்டினத்தில் சிக்கி அம்மாவின் வலதுகைச் சுண்டுவிரல் அப்படித்தான் உள்பக்கம் வளைந்திருக்கும், கடைசிவரை நிமிரவில்லை. முப்பத்தொரு வருஷம் ஊரார் பெருவிரல் ரேகையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு சுண்டுவிரல் கண்ணில் படவில்லை. பிறகு கீழே பார்த்தேன். அப்பாவின் சப்பாத்துக்கு அடியில் சமுக்காளத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, பூஞ்சை என்று எப்போதும் நினைத்திருந்தேன், அதற்கு ஒரு கொசுவத்தின் மடிப்பு இருந்தது. வெள்ளைப் புடவை. நாலு மாதத்துக்கு முன் தாலி இழந்தவள். படமெடுக்க நிற்கக்கூடாதவள் என்று ஊர் சொல்லியிருக்கும். நின்றிருக்கிறாள். அருளானந்தம் பினாங்குக் கோட்டைக் கொண்டுவந்து அவள்மேல் மூடுவார் என்று தெரிந்தே, மூடுகிற அளவுக்கு ஒட்டி நின்று, பையன் ஆடாமல் இருக்கவேண்டும் என்று கையை வைத்து, அழுத்தி. அவர் முழுசாக மூடினார், ஒரு விரலும் ஒரு துண்டுத் துணியும் மட்டும் தப்பிவிட்டன. "நானும் அங்கதாண்டா நின்னேன்." பொய் சொல்லவில்லை. குறிப்பு எழுதுகிறவனுக்குக் கொடுக்கவேண்டிய தகவலைச் சரியாகக் கொடுத்திருக்கிறாள், முறத்தை நிறுத்தாமல். நான்தான் பதிந்துகொள்ளவில்லை.

டீச்சர் நாலு மணிக்கு வராமல் நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்தார், அதையும் சந்தேகப்பட்டுக்கொண்டே கதவைத் திறந்தேன். கையில் பெரிய உறை, தோளில் பை, வெயிலில் நடந்து வந்த மூச்சு. வேதவல்லி தண்ணீர் கொடுத்தாள். "கழட்டிட்டீங்களா சார்" என்றார். ஏன் கழட்டச் சொன்னீங்க டீச்சர் என்று கேட்டேன், நேரடியாகவே. "கண்ணாடியோட வச்சா ஸ்கேன் பண்றவன் மூஞ்சியே அதுல தெரியுது சார், மூணு படம் அப்படிப் பாழாப் போச்சு" என்றார். இது பதிலாக இருக்கலாம். அவர் முகத்தில் வேறெதுவும் தெரியவில்லை, ஆனால் நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர் முகத்தில் எப்போது என்ன தெரிந்திருக்கிறது. படத்தையும் குறிப்புச் சீட்டையும் நீட்டினேன். வாசித்தார். "அருளானந்தம் ஸ்டுடியோ, நாகப்பட்டினம், 1952 ஜூன். இடமிருந்து வலம்: சிங்காரவேலு, வயது ஐந்து. அவன் தாயார் தையல்நாயகி." படத்தைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். ஒரு பையன், ஒரு கோட்டு. "அம்மா எங்க சார் இதுல." கோட்டுக்குப் பின்னால் என்றேன், உருப்பெருக்கியைக் கொடுத்தேன், விரல்களை எண்ணச் சொன்னேன். டீச்சர் உதடு அசைய எண்ணினார். வெள்ளைத் திட்டைக் காட்டினேன். அஞ்சலட்டையைப் பக்கத்தில் வைத்தேன். நாற்காலியைப் பார்த்ததும் அவர் உருப்பெருக்கியைக் கீழே வைத்தார். வேதவல்லி உள்ளேயிருந்து வந்து என் பின்னால் நின்றுகொண்டு அவளும் எண்ணினாள்.

"அப்பா பேரைப் போடலையே சார்" என்றார் டீச்சர்.

"அவர் அன்னிக்கு ஊர்ல இல்லீங்க."

அவர் படத்தை உறைக்குள் வைத்தார், வைத்து மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதே குரலில், மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல், "எங்க பாட்டனாருக்கும் அன்னிக்குக் காய்ச்சல்தான் சார்" என்றார்.

"அந்தப் படம் இருக்குங்களா டீச்சர்."

"உம்மா இருக்கிறவரைக்கும் எடுக்க விடல. பீரோவுக்குப் பின்னால சாத்தி வச்சிருக்கு. கண்ணாடி போட்டுத்தான் இருக்கு."

"கழட்டி எடுத்துட்டு வாங்க" என்றேன். ஒரு புதுச் சீட்டை இழுத்து, மேலே முப்பத்தெட்டு என்று எண் போட்டு, இடமிருந்து வலம் என்று எழுதாமல், முதல் வரியில் காய்ச்சலைப் போட்டேன்.